பக்கத்து மனையில் பள்ளம்

மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பக்கத்து மனையில் இருந்த பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டார்களாம். அடுக்கு மாடிக் கட்டடம் வரப்போகிறதாம். அதற்கு முன்னோடியாக, இவர்கள் காம்பவுண்டுச் சுவருக்கு இரண்டடி தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்கும் பம்பு அறைக்குமாகப் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். அகலம் எட்டடி, நீளம் முப்பதடி, ஆழம் பத்தடி. பள்ளத்தின் பக்கங்கள், கத்தியால் அறுத்த மைசூர்பாகு மாதிரிச் செங்குத்தாக நிற்கின்றன. முட்டுக் கொடுக்க ஒரு குச்சி கூட வைக்கவில்லை. சகோதரி பயந்துபோய் மேஸ்திரியைக் கேட்டிருக்கிறார். "மூணு நாளா நிக்குதும்மா. விழறதா இருந்தா அன்னிக்கே விழுந்திருக்கும்" என்று பதில் வந்ததாம். மாமியாரும், "அவன் எத்தனை வீடு கட்டினவன்! உனக்கு என்ன தெரியும் என்று போய்க் கேட்டாய்?" என்று மேஸ்திரி கட்சியில் சேர்ந்துகொண்டாராம். "மேஸ்திரி சொல்வது சரிதானா? நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

சரியில்லை, சகோதரி. நேர்மாறு என்றே சொல்லலாம். மூன்று நாள் நின்ற பள்ளம், முதல் நாள் நின்ற பள்ளத்தைவிட அபாயமானது.

ஏன் என்று கேட்கிறீர்களா? வெகுதூரம் போக வேண்டாம், சமையலறைக்கே போகலாம். நன்றாக உறைந்த கெட்டித் தயிரை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கரண்டி தயிரை வழித்து எடுங்கள். குழியின் ஓரம் அப்படியே செங்குத்தாக நிற்கும், கரண்டியின் தடம் கூடத் தெரியும். பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுச் சாயங்காலம் திறந்து பாருங்கள். குழியில் நீர் கட்டியிருக்கும். நின்ற ஓரம் சரிந்து குழிக்குள் இறங்கியிருக்கும். யாரும் அதைத் தொடவில்லை. காலந்தான் தொட்டது. களிமண்ணின் சுபாவமும் இதுதான். வெட்டிய உடனே, பக்கத்திலிருந்த பாரம் நீங்கியதால், மண் துகள்களுக்கு நடுவே உள்ள நீர் ஒரு மாதிரி உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடியில் சில மணியோ சில நாளோ அது கம்பீரமாக நிற்கும். மெள்ள மெள்ளச் சுற்றிலுமிருந்து நீர் வந்து சேரச் சேரப் பிடி தளர்ந்துவிடும். பிறகு ஒரு லாரி போனால் போதும். சில சமயம் அதுவும் வேண்டாம்.

மணல் வேறு ஜாதி. அதற்குப் புட்டு மாவை நினைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த மாவைக் கையில் பிடித்தால் உதிர்ந்துவிடும். அளவாகத் தண்ணீர் தெளித்துப் பிசறினால் பிடித்த பிடி நிற்கும். தண்ணீர் ஜாஸ்தியாகிவிட்டால் மறுபடியும் ஓடிவிடும். கடற்கரையில் குழந்தைகள் ஈர மணலில் கட்டும் கோபுரம் காலையில் நிற்கிறது, வெயில் ஏறியதும் பொல பொலவென்று உதிர்கிறது அல்லவா? ஈரமாக இருப்பதால் நிற்கும் மணல் பள்ளம், காய்ந்தாலும் விழும், மழை பெய்தாலும் விழும். சென்னையிலோ பல இடங்களில் மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகக் கலந்து கிடக்கின்றன. ஆகவே ஒரே பள்ளத்தில் இரண்டு வித ஆபத்தும் குடியிருக்கலாம்.

மண் என்றால் லேசு என்று நமக்கு ஓர் எண்ணம். தொட்டிச் செடிக்குப் போடுகிற மண்ணைப் பார்த்துப் பழகிய கண் அப்படித்தான் நினைக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராக உள்ள மண் கட்டி ஏறக்குறைய 1,800 கிலோ கனம்; பெரிய காருக்குச் சமானம். பள்ளத்தில் இறங்கி வேலை செய்கிறவரின் மார்புவரை அது சரிந்தால், தலை வெளியே இருந்தும் பயனில்லை. மூச்சை விடும்போது மார்பு சுருங்குகிறது. மண் உடனே அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்த மூச்சை இழுக்க இடம் கிடைப்பதில்லை. இதனால்தான் இந்தியாவின் பாதுகாப்பு விதியும் அமெரிக்காவின் விதியும் ஒரே அளவைச் சொல்கின்றன: 1.5 மீட்டருக்கு, அதாவது ஐந்தடிக்கு மேல் மண்ணில் பள்ளம் தோண்டினால், முட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும். உங்கள் பக்கத்து மனைப் பள்ளம் பத்தடி. விதி சொல்லும் ஆழத்துக்கு இரட்டிப்பு!

"சரி, மண் எவ்வளவுதான் தள்ளும்?" என்று கேட்டு முதன் முதலில் கணக்காக விடை கண்டவர் கூலோம் என்ற பிரெஞ்சுக்காரர். உங்கள் பிள்ளையின் பௌதிகப் புத்தகத்தில் மின்சாரப் பாடத்தில் வருகிறாரே, சாக்ஷாத் அவரேதான். ராணுவ இஞ்சினீயராக மார்ட்டினீக் தீவில் கோட்டை கட்டும் வேலையில் பல வருஷம் கழித்துவிட்டு, 1773-ல் பாரிஸ் விஞ்ஞான சபையில் இந்தக் கட்டுரையை வாசித்தார். மின்சாரமெல்லாம் அதற்கு அப்புறம்.

அவர் கண்டது இதுதான். முறத்தில் அரிசியைக் கொட்டுங்கள். ஒரு குவியலாகச் சரிந்து நிற்கும். அதற்குமேல் செங்குத்தாக நில் என்றால் நிற்காது. குவியலின் ஓரத்தில் ஒரு தட்டைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு மேலும் அரிசி போட்டால், தட்டு முழு அரிசியையும் தாங்குவதில்லை. இயற்கையான சரிவுக்கு அப்பால் ஆப்பு மாதிரி ஒரு துண்டு இருக்கிறதே, அதைத்தான் தாங்குகிறது. அந்த ஆப்பு வழுக்கி இறங்கப் பார்க்கும் வேகந்தான் சுவரின் மேல் வரும் நெருக்கு. ஆழம் இரண்டு மடங்கானால் ஆப்பின் உயரமும் அகலமும் இரண்டிரண்டு மடங்காகும். ஆகவே நெருக்கு நாலு மடங்காகும். ஐந்தடிப் பள்ளத்தில் நின்ற பலகை பத்தடியில் நிற்கும் என்று எண்ணக்கூடாது.

சகோதரியின் பள்ளத்துக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று மீட்டர் ஆழம், சாதாரண மணல் என்றால், பள்ளத்தின் நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் 2.7 டன் நெருக்கு வரும். முப்பதடி நீளத்துக்குமாக ஒரு பக்கம் மட்டும் சுமார் 24 டன். இது உலர்ந்த நிலையில். மழை பெய்து பலகைக்குப் பின்னால் தண்ணீர் மேல்வரை தேங்கிவிட்டதென்று வையுங்கள். மண்ணின் நெருக்கு பாதியாகிவிடும் (நீரில் மிதக்கும் பொருளுக்குக் கனம் குறைவு). ஆனால் தண்ணீர் தன் பங்குக்கு மீட்டருக்கு 4.5 டன் தள்ளும். ஆக மொத்தம் ஏறக்குறைய 6 டன், இரட்டிப்புக்கு மேல். மலைப்பாதைகளில் தாங்கு சுவர்களைப் பார்த்திருப்பீர்கள், இடையிடையே குழாய்த் துவாரம் விட்டிருப்பார்கள். அது அழகுக்கு அல்ல. வீட்டின் கனம், காம்பவுண்டுச் சுவரின் கனம், ஓரத்தில் கொட்டிய ஜல்லியின் கனம் எல்லாம் இந்தக் கணக்குக்கு மேலே தனி.

மலைப்பாதை என்றதும் ஒரு சந்தேகம் எழலாம். அங்கே கல்லால் கட்டிய கனத்த சுவர் தானே நிற்கிறதே, இங்கேயும் அப்படிக் கட்டினால் என்ன? கட்டலாம், இடம் இருந்தால். தன் கனத்தாலேயே மண்ணைத் தாங்கும் சுவருக்கு அடி அகலம் உயரத்தில் ஏறக்குறைய பாதியாவது வேண்டும். பத்தடிச் சுவருக்கு ஐந்தடி. இரு பக்கமும் கட்டினால் பத்தடி போயிற்று. பள்ளமே எட்டடிதான்!

ஆனால் குறுகிய பள்ளத்துக்கு ஒரு பாக்கியம் உண்டு. இந்தப் பக்கத்து மண் அந்தப் பக்கம் தள்ளுகிறது, அந்தப் பக்கத்து மண் இந்தப் பக்கம் தள்ளுகிறது. நடுவில் ஒரு கட்டையைக் குறுக்கே வைத்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தடுத்துக்கொண்டு நின்றுவிடும். கல்யாணத்தில் இரண்டு சம்பந்திகளும் விட்டுக்கொடுக்காமல் முறைத்துக்கொண்டு நிற்பார்களே, அதனாலேயே பந்தல் விழாமல் நிற்குமே, அந்த மாதிரி. மண்ணின் பலத்தை மண்ணைக் கொண்டே அடக்குவதுதான் குறுகிய பள்ளத்தின் ரகசியம்.

முறை இப்படி. மண் முகத்தோடு ஒட்டிப் பலகைகள். பலகைகளை அணைத்து, பள்ளத்தின் நீளத்துக்குப் படுக்கை வசத்தில் ஓர் உத்திரம். இரு பக்கத்து உத்திரங்களுக்கும் நடுவே குறுக்கு முட்டுகள். சின்னப் பள்ளத்துக்குச் சவுக்குக் கட்டை போதும். பெரிய பள்ளத்துக்கு இரும்பு. குறுக்கு முட்டு குட்டையாக இருப்பதே பெரிய அநுகூலம். ஒரு விளக்குமாற்றுக் குச்சியை இரு முனையிலும் பிடித்து அமுக்கிப் பாருங்கள், நடுவில் வளைந்துவிடும். அதையே பாதியாக ஒடித்து அமுக்குங்கள், லேசில் வளையாது. நீளம் இரட்டிப்பானால் அமுக்கம் தாங்கும் சக்தி நாலில் ஒரு பங்காகிவிடும் என்று ஆய்லர் என்ற கணித மேதை பதினெட்டாம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். எட்டடிப் பள்ளத்தில் வேலை செய்யும் கட்டையை எடுத்துப் பதினாறடிப் பள்ளத்தில் வைத்துவிட்டு "போன வேலையில் இதுதானே நின்றது?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

வட்டமாகத் தோண்டினால் குறுக்கு முட்டே வேண்டாம் என்பது நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது. சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டிய உறைகிணறு கீழடி அகழாய்வில் கிடைத்திருக்கிறது. சுற்றிலுமிருந்து மண் நெருக்க நெருக்க வளையம் இறுகுமே தவிர உடையாது.

இனி இந்த முட்டுகளுக்கு எவ்வளவு பாரம் வரும் என்பது. இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். கூலோம் வழிக் கணக்குப்படி மேலே நெருக்கு குறைவு, அடியில் அதிகம், முக்கோணம் மாதிரி. அதன்படி மேல் முட்டு சின்னதாக இருந்தால் போதும். 1930-களின் கடைசியில் அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில், மெத்தென்ற களிமண்ணுக்கு நடுவே பூமிக்கடி ரயில்பாதை போட்டார்கள். அங்கே டெர்ஸாகியும் இளைஞர் ரால்ஃப் பெக்கும் கணக்கை மட்டும் நம்பவில்லை. பள்ளத்தில் வைத்திருந்த முட்டுகளிலேயே கருவி வைத்து அளந்து பார்த்தார்கள். மேல் முட்டுகளுக்குப் புஸ்தகம் சொன்னதைவிட வெகு அதிகமாகப் பாரம் வந்திருந்தது!

காரணம், யோசித்தால் எளிது. மேல் முட்டைத்தான் முதலில் வைக்கிறோம். ஆகவே சுவரின் தலை பிடித்து நிறுத்தப்பட்டுவிடுகிறது. பிறகு தோண்டத் தோண்டக் கால்தான் உள்ளே நகர்கிறது. பழைய கணக்கோ, கால் நின்று தலை சாயும் சுவருக்குப் போட்டது. சுவர் நகரும் விதம் மாறினால் மண் தள்ளும் விதமும் மாறிவிடுகிறது. இப்படி அளந்ததையெல்லாம் சேர்த்து, 1969-ல் மெக்ஸிகோ நகரத்து மகாநாட்டில் பெக் ஒரு வழியை முன்வைத்தார். மணலாயிருந்தால், முக்கோணத்தின் அடியில் வரும் உச்ச நெருக்கில் 0.65 பங்கை எடுத்து, மேலிருந்து அடிவரை ஒரே சீராக வருவதாகக் கொள்; அதற்கு ஏற்ற முட்டு வை. இன்றைக்கும் இஞ்சினீயர்கள் தங்கள் கம்ப்யூட்டர் கணக்கை இந்தச் சின்ன வழியோடு ஒத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.

டெர்ஸாகியைப் பற்றி ஒரு வார்த்தை. பிராகில் பிறந்து, இஸ்தான்புல்லில் வாத்தியாராக இருந்தபோது, சுருட்டுப் பெட்டி போன்ற சில்லறைச் சாமான்களைக் கொண்டே மண்ணைச் சோதித்து ஒரு புது சாஸ்திரத்தையே ஆரம்பித்தவர். அவர் மனைவி ரூத், பூகர்ப்ப சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பாறையில் உள்ள வெடிப்புகளை அளக்கும்போது நேரும் ஒரு பிழையையும் அதைச் சரிக்கட்டும் வழியையும் 1965-ல் எழுதினார். அதற்கு "டெர்ஸாகி திருத்தம்" என்று பெயர். கேட்கிறவர்கள் புருஷனுடையதுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்! (இது எந்த ஊரிலும் நடக்கிற கதைதானே?)

கணக்கும் சரி, கட்டையும் சரி, ஆனாலும் பள்ளம் விழலாம். 2004-ஆம் வருஷம் ஏப்ரல் 20-ந் தேதி பிற்பகல் சிங்கப்பூரில், நிகோல் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், ரயில் சுரங்கத்துக்காகத் தோண்டிக்கொண்டிருந்த பெரும் பள்ளம் இடிந்து விழுந்தது. ஆழம் 30 மீட்டர். இரு பக்கமும் கான்கிரீட் சுவர், நடுவே ஒன்றன்கீழ் ஒன்றாக ஒன்பது வரிசை இரும்பு முட்டுகள். பத்தாவது வரிசைக்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நெடுஞ்சாலையே பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. நாலு பேர் மாண்டார்கள். அவர்களில் ஒரு மேஸ்திரி, தம் ஆட்களையெல்லாம் மேலே ஏறச் சொல்லி அனுப்பிவிட்டுத் தாம் சிக்கிக்கொண்டார். அவர் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

விசாரணைக் குழு ஆராய்ந்து சொன்னதைப் படித்தால் நெஞ்சு பதறுகிறது. முட்டுகள் முதலில் ஒடியவில்லை. முட்டின் முனை, பக்கத்து உத்திரத்தில் போய் உட்காரும் இடம் இருக்கிறதே, அந்தச் சந்திப்புதான் நசுங்கிற்று. ஒன்பதாம் வரிசை நழுவியதும் அதன் பாரம் எட்டாம் வரிசைக்கு ஏறிற்று, அது தாங்கவில்லை. களிமண்ணுக்கு இருந்ததைவிட அதிக பலம் இருப்பதாகக் கணக்கில் கொண்டுவிட்டதும் ஒரு காரணம். எல்லாவற்றையும்விட மோசம் வேறொன்று. சுவர் எதிர்பார்த்ததற்கு மேல் நகர்கிறது என்று அளவுக் கருவிகள் முன்பே சொல்லிக்கொண்டிருந்தன. நகர்வுக்கு வைத்திருந்த வரம்பைத்தான் உயர்த்தினார்களே ஒழிய வேலையை நிறுத்தவில்லை. அன்று காலையிலேயே இரும்பிலிருந்து சத்தம் கேட்டதாம். காய்ச்சல் 102 டிகிரி காட்டினால், 103 வரை பரவாயில்லை என்று தெர்மாமீட்டரில் கோடு போட்டுக்கொள்கிற தாய் உண்டா?

நம் ஊர்ப் பத்தடிப் பள்ளத்துக்கும் அதே விஷயந்தான், சிறிய அளவில். கட்டை பருமனாயிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அதன் முனை எதில் முட்டுகிறது? வெறும் பலகையில் முட்டினால் பலகையைப் பொத்துக்கொண்டு போய்விடும். முனையில் ஆப்பு அடித்து இறுக்கியிருக்கிறதா? தொளதொளவென்று தொங்கும் முட்டு, மண் நகர்ந்து வந்து தன்னைத் தொடும்வரை சும்மா இருக்கும். அதற்குள் உங்கள் சுவரில் வெடிப்பு வந்துவிடும். பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே காலியிடம் இருந்தால் மணலால் அடைத்தாக வேண்டும். வரிசையும் முக்கியம்: கொஞ்சம் தோண்டு, முட்டு வை, மறுபடி கொஞ்சம் தோண்டு, முட்டு வை. முழுவதும் தோண்டிவிட்டு முட்டு வைக்க ஆளை இறக்குவது, சிங்கத்தின் வாயைத் திறந்துவிட்டுப் பல் எண்ணப் போவதுபோல. தோண்டிய மண்ணைப் பள்ளத்து விளிம்பிலேயே குவிப்பது இன்னொரு கெட்ட பழக்கம். 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, இரண்டில் எது அதிகமோ அவ்வளவு தூரம் தள்ளிப் போட வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கம்.

இன்னும் ஒன்று. சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள், வேறு நிழல் இல்லாமல், பள்ளத்து ஓரத்தில் கம்பு நட்டுத் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டிருப்பார்கள். உங்கள் வீட்டு வராந்தாவில் ஓர் ஓரம் காலியாக இருந்தால் அங்கே கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். மாமியார் மறுக்கமாட்டார்.

முட்டு வைக்க இடமே இல்லாமல், பெரிய கட்டடங்களுக்கு நடுவே ஆழமாகத் தோண்ட வேண்டுமானால் என்ன செய்வது? சென்னை மெட்ரோவின் பூமிக்கடி ஸ்டேஷன்களில் செய்தார்களே, அது விசித்திரமான உபாயம். முதலில் சுவரைக் கட்டிவிட்டு, பிறகு பள்ளம் தோண்டுவது! சுவர் வரவேண்டிய இடத்தில் இரண்டு மூன்றடி அகலத்தில் ஆழமாக ஒரு பிளவு வெட்டுகிறார்கள். அந்தப் பிளவு விழாமல் இருக்க, பென்டோனைட் என்ற களியைக் கரைத்து, கெட்டி மோர் மாதிரி அதில் நிரப்பிக்கொண்டே போகிறார்கள். அந்தக் கரைசல் மண் முகத்தில் ஏடு மாதிரிப் படிந்து, உள்ளிருந்தே மண்ணைத் தாங்கிக்கொள்கிறது. பிறகு கம்பிக் கூட்டை இறக்கி, நீண்ட குழாய் வழியே அடியிலிருந்து கான்கிரீட்டை நிரப்பினால், கரைசல் மேலே ஏறி வெளியே வந்துவிடும். 1950-களில் இத்தாலியில் வளர்ந்த முறை இது. மிலான் நகரத்து மெட்ரோவில் பெயர் வாங்கிற்று. உங்கள் பக்கத்து மனைக்காரர் தண்ணீர்த் தொட்டிக்காக இதைச் செய்யப் போவதில்லை. சவுக்குக் கட்டையையாவது வைக்கட்டும்.

இப்போது சகோதரி செய்ய வேண்டியவை. மேஸ்திரியோடு வாதாடிப் பயனில்லை. பள்ளத்தின் ஆழம் எவ்வளவோ, அவ்வளவு தூரத்துக்குள் இருக்கும் சுவரும் தரையும் சந்தேகத்துக்கு உட்பட்டவை; மெத்தென்ற களிமண்ணானால் இன்னும் தூரம். உங்கள் வீட்டுச் சுவர்களை இன்றே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள், தேதி தெரியும்படி. இருக்கிற வெடிப்பின் இரு முனையிலும் பென்ஸிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமிண்டு வைத்து ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. பள்ளத்து விளிம்புக்கு இணையாகத் தரையில் மெல்லிய கோடு மாதிரி வெடிப்பு தெரிந்தாலோ, நேற்றுவரை சரியாகச் சாத்திய கதவு இன்று பிடித்துக்கொண்டாலோ, பள்ளத்தில் உள்ளவர்களை உடனே மேலே வரச் சொல்லுங்கள். அப்புறம் மாநகராட்சி வட்டார அலுவலகம். யாராவது உள்ளே சிக்கிக்கொண்டால் 112 அல்லது 101-க்குப் போன் செய்யுங்கள். பதற்றத்தில் இன்னொருவர் பள்ளத்துக்குள் குதிக்கக்கூடாது. முதல் சரிவுக்குப் பின்னால் இரண்டாவது சரிவு காத்திருக்கும்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது, ஆனால் ஒரு நுணுக்கத்தோடு. 1882-ஆம் வருஷத்து இந்திய ஈஸ்மென்ட் சட்டப்படி, ஒவ்வொரு நிலத்துக்கும் பக்கத்து நிலம் இயற்கையாகத் தரும் தாங்கலைப் பெற உரிமை உண்டு. ஆனால் அது நிலத்துக்கு, அதன் இயல்பான நிலையில். அதன்மேல் கட்டிய வீட்டின் பாரத்துக்கும் தாங்கல் வேண்டுமென்றால், இருபது வருஷம் தடையின்றி அந்தத் தாங்கலை அநுபவித்திருக்க வேண்டும். உங்கள் வீடு மாமனார் காலத்து வீடு என்கிறீர்கள். கட்டிய வருஷத்தைக் காட்டும் பத்திரத்தையும் பழைய வீட்டு வரி ரசீதுகளையும் தேடி எடுத்து வையுங்கள். வக்கீல் நோட்டீசுக்கு முன்னால், அகத்துக்காரரை அனுப்பி மனைச் சொந்தக்காரரிடமே பேசச் சொல்வது நல்லது. மேஸ்திரிக்குத் தெரியாத சட்டம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியாக, பள்ளம் மூடும் நாள். எல்லாரும் "அப்பாடா!" என்று திரும்பிக்கொள்ளும் நாள் அதுதான். தொட்டியின் பக்கச் சுவரைக் கட்டியதும் முட்டுகளை உருவிவிடுவார்கள். அடித்தளமும் மேல்தளமும் போட்டு இறுகுவதற்கு முன் அந்தச் சுவர் தனியே மண்ணைத் தாங்கும்படி கட்டப்பட்டதல்ல என்பதை நினைவூட்டச் சொல்லுங்கள். முட்டுகளை அடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த உயரத்துக்கு மண் நிரப்பிக்கொண்டே மேலே வர வேண்டும்.

தொட்டிச் சுவருக்கும் உங்கள் பக்கத்து மண்ணுக்கும் நடுவே ஒன்றிரண்டு அடி சந்து மிஞ்சும். அதில் லாரி மண்ணை ஒரேயடியாகக் கவிழ்ப்பது வழக்கம். நெற்குதிரில் நெல்லின் கனம் முழுவதும் அடிக்கு இறங்குவதில்லை, பக்கச் சுவர்களே பெரும்பங்கைப் பிடித்துக்கொள்கின்றன என்று 1895-ல் ஜான்ஸென் என்ற ஜெர்மானியர் கண்டு சொன்னார். குறுகிய சந்திலும் அதே கதை. கொட்டிய மண் இரு சுவர்களையும் பற்றிக்கொண்டு, புனலில் மாவு அடைத்துக்கொள்வதுபோல நடுவில் தொங்கி நிற்கும். அடியில் வெற்றிடம் இருக்கும். தொட்டிச் சுவருக்கு அதனால் நெருக்கு குறைவு, காண்ட்ராக்டருக்குச் சந்தோஷம். ஆனால் அடுத்த ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்கியதும் தொங்கிய மண் திடீரென்று அடிக்குப் போகும். கூடவே உங்கள் காம்பவுண்டுச் சுவரின் அஸ்திவாரமும். ஆகவே மண்ணுக்குப் பதில் மணலாகக் கேளுங்கள். முக்கால் அடிக்கு மேற்படாத கனத்தில் ஒவ்வொரு வரிசையாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, திம்ஸால் இடித்த பிறகே அடுத்த வரிசை. அன்று பகல் முழுவதும் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். கையில் பின்னல் வேலை இருந்தால் பொழுதும் போகும்.